தாய்மாமன் வீட்டுக்கு வரலாமா?

வாசகர் கடிதம்:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குச் சேலம் சிவதாபுரம். வீட்டு முன்பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். என் அண்ணன் லாரி டிரைவர், வயது 44. மூன்று வருஷத்துக்கு முன்னால் டி.பி. வந்து படுத்தார். பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. என்று தெரிந்தது. அண்ணி தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தொற்று இல்லை. எங்களால் வைத்துப் பார்க்க முடியாமல் ஏற்காடு மலையில் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். அன்றைக்கு 34 கிலோ. பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. இப்போது 59 கிலோ இருக்கிறாராம், ரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். போன மாதம் சிஸ்டர் போன் செய்து, "ஆடி நோம்பிக்கு முன்னால வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். மாதம் 3,000 ரூபாய் தருகிறோம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டு ரூம், ஒரே பாத்ரூம். மகளுக்கு 22 வயது, வரன் பார்க்கிறோம். மகன் பத்தாவது படிக்கிறான். அண்ணன் வடக்கே லாரி ஓட்டுகிறார் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறோம். 73 வயது அம்மா தினமும் அழுகிறார். அண்ணன் சாயங்காலம் சிஸ்டர்களோடு ஜெபத்தில் உட்காருகிறார் என்று கேள்விப்பட்டு அதற்கும் அழுகிறார். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? பட்டறையில் அடிக்கடி கையில் வெட்டுப்படுமே, அப்போது என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது? சிஸ்டர்கள் ஏன் இப்படித் துரத்துகிறார்கள்?

பெயர் வேண்டாம், சேலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு மருத்துவத்தில் தெளிவான பதில் இருக்கிறது, வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆனால் "ஏன் துரத்துகிறார்கள்" என்ற நினைப்போடு நீங்கள் மலை ஏறினால், அங்கே சிஸ்டர் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

நீங்கள் குறிப்பிடும் இல்லம் எது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் சிஸ்டர்கள் நடத்தும் அப்படி ஓர் இல்லத்துக்கு நானும் பல வருஷமாக மாதம் இரண்டு தடவை போய் நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். முதல்முறை போன நாள் இன்னும் நினைவிருக்கிறது. கட்டிலில் ஒருவர் கிடந்தார். எலும்பும் தோலும்தான். வாய் முழுக்க வெள்ளை படிந்து புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி அவருடைய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்த பிறகும் நகரவில்லை. பக்கத்தில் இருந்த வயதான சிஸ்டர் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, ஊதா மருந்தில் தோய்த்து, அவர் வாய்க்குள் கன்னத்தோரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "டாக்டர், கையைப் பிடிச்சு நாடி பாருங்க. யாராவது அவர் கையைப் பிடிச்சு நாளாச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் பிடித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பயம்தான் இன்றைக்கு உங்களுக்கு இருக்கிறது. அதனால் உங்களைக் குறைசொல்லி ஒரு வரிகூட இந்தப் பதிலில் எழுத மாட்டேன்.

அந்த இல்லங்கள் எதற்காகத் தொடங்கின என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். 1985 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அன்னை தெரசா நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் திறந்தார். முதலில் அங்கே வந்து சேர்ந்தவர்கள் சிறையிலிருந்து வந்த கைதிகள். அப்போது இந்த நோய்க்கென்று ஒரு மாத்திரைகூடக் கிடையாது. அடுத்த வருஷம், 1986-ல், நம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இங்கேயும் சிஸ்டர்கள் பல ஊர்களில் கதவைத் திறந்தார்கள். திறந்தபோது அவர்களுக்கு இருந்த எண்ணம் ஒன்றுதான்: ஒரு மனிதன் வெறும் தரையில், தனியாக, நாற்றத்தோடு சாகக்கூடாது. குணமாக்கி அனுப்பலாம் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் உயிர் நிற்கும் என்று 1996 வாக்கில் தெரிந்தது. ஆனால் அன்றைய விலையில் அதை வாங்க இங்கே பெரிய பணக்காரராக இருக்க வேண்டும். 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று சொன்னபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அது கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நான் போகிற இல்லத்தில் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. சேர்ந்த தேதி, ஊர், எடை, கடைசிக் கட்டத்தில் இன்னொரு தேதி. முன்பக்கங்களில் அந்தக் கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக்குறி. பக்கத்துக்குப் பக்கம் சிலுவை. உடலை வாங்க வீட்டார் வராமல், சிஸ்டர்களே குழி வெட்ட ஆள் பிடித்துப் புதைத்ததெல்லாம் அதில் இருக்கிறது. 2004-க்குப் பிறகு உள்ள பக்கங்களில் சிலுவைக்கு நடுவே ஒரு வார்த்தை எட்டிப் பார்க்கும்: "வீடு". போகப்போக அதுதான் அதிகம். உங்கள் அண்ணனைக் கூட்டிப்போகச் சொன்ன சிஸ்டர், தன் நோட்டில் அந்த வார்த்தையை எழுதக் காத்திருக்கிறார். அதைத் துரத்துவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தாயி.

இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் இப்படித் தங்க வைத்துப் பார்க்கும் சமுதாயப் பராமரிப்பு மையங்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்தே பணம் வந்தது. 2013 வாக்கில் அந்த ஏற்பாடு நின்று, வந்துபோகும் ஆதரவு மையங்களாக மாறியது. மருந்து கிடைக்கிறது, ஆட்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் வீடு இல்லாதவர்களும் வீட்டார் சேர்க்காதவர்களும் அப்படியே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சிஸ்டர்கள் யார் யாரிடமோ அரிசியும் போர்வையும் கேட்டு வாங்கி இல்லத்தை ஓட்டுகிறார்கள். அங்கே கட்டில் கொஞ்சம்தான். உங்கள் 3,000 ரூபாயை வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். இன்றைக்கு எங்கோ ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் 34 கிலோவில் ஒருவர் கிடக்கிறார். உங்கள் அண்ணன் படுத்திருக்கும் கட்டில் அவருக்கு வேண்டும்.

இனி ஒட்டிக்கொள்ளும் பேச்சுக்கு வருகிறேன். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே நிற்கத் தெம்பில்லாத கிருமி. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாத்ரூம், ஒரே பாய், கொசு, இருமல், வியர்வை, கட்டிப்பிடிப்பது, துணி துவைப்பது, எதிலும் வராது. வருகிற வழி நான்கே: பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கு. இது எல்லா நோயாளிக்கும் பொருந்தும் பொதுவான உண்மை. உங்கள் அண்ணனுக்கு அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. "கிருமி ரத்தத்தில் தெரியவில்லை" என்று சிஸ்டர் சொன்னது ஆறுதல் வார்த்தை கிடையாது, அது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனையின் முடிவு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு அந்த நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூடத் தொற்றுவதில்லை. ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை என்ற நிலையில் இருந்த 888 ஜோடிகளை ஐரோப்பாவில் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து மற்றவருக்குப் போன தொற்று ஒன்றுகூட இல்லை. ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்கே அப்படி. பத்தாவது படிக்கும் உங்கள் மகன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவதால் என்ன வந்துவிடப் போகிறது?

ஒரே ஒரு பொருளை மட்டும் தனியாக வைக்கச் சொல்வேன்: ஷேவிங் ரேசர். மகனுக்கு மீசை அரும்பும் வயசு, மாமா ரேசரை எடுத்து இழுத்துப் பார்க்க ஆசை வரும். அவனுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ரேசரும் பல் பிரஷ்ஷும் எந்த வீட்டிலும் ஆளுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்றும் இதே வழியில் பரவுகிறது.

பட்டறை வெட்டுக்கு வருவோம். கம்பி இழுக்கும்போதும் வளையம் கோர்க்கும்போதும் விரல் கிழிவது உங்கள் தொழிலில் தினசரி நடப்பது. அண்ணனுக்கு வெட்டுப்பட்டால் அவரே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அவரே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளட்டும். ரத்தம் பட்ட இடத்தைப் பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தால் போதும். வேறு யாருக்கு வெட்டினாலும் இதையேதான் செய்ய வேண்டும். காயமில்லாத தோலில் ரத்தம் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பட்டறையைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்ல வேண்டும். டி.பி. வந்துபோன நுரையீரல் ஆசிட் புகையைத் தாங்காது. வெள்ளியை ஆசிட்டில் கழுவும் இடத்திலும் உருக்கும் அடுப்பிலும் அவரை உட்கார வைக்காதீர்கள். கோர்க்கிற வேலை, எடை போடுகிற வேலை, செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குகிற வேலை, இவை அவருக்கு ஆகும். உங்களால் அண்ணனுக்கு வரக்கூடிய ஆபத்து அந்தப் புகையில் இருக்கிறது. அவரால் உங்களுக்கு வரும் ஆபத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூடவே, செய்கிற வேலைக்குக் கூலி கையில் கொடுங்கள். மூன்று வருஷம் அடுத்தவர் கொடுத்ததைத் தின்றவருக்குத் தன் காசில் ஒரு டீ குடிப்பது மருந்து மாதிரி.

மறுபடி லாரி ஓட்டலாமா என்று அவர் கேட்டால், ஓட்டலாம். கண்ணும் காலும் தெம்பும் சரியாக இருந்தால் நோயைக் காரணம் காட்டி யாரும் தடுக்க முடியாது. ஆனால் முதல் ஒரு வருஷம் வேண்டாம் என்பது என் யோசனை. ராத்திரி ஓட்டம், நேரம் தவறிய சாப்பாடு, கூட இருப்பவர்களுக்கு மறைத்து மாத்திரை போடுவது, மூன்றும் சேர்ந்தால் மாத்திரை தவறும்.

மாத்திரை தவறுவதுதான் என் ஒரே பயம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். உங்கள் அண்ணனைப் போலவே உடம்பு தேறி, தம்பி வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். தம்பி நல்ல மனுஷன், தம்பி மனைவியும் நல்லவர்தான். சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சாப்பிட்ட தட்டை அவரே கழுவியபோது, தட்டின் அடியில் சிவப்பாக ஒரு சொட்டு நெயில் பாலிஷ் இருந்ததைப் பார்த்தார். டம்ளரைத் திருப்பிப் பார்த்தார், அதிலும் இருந்தது. அலமாரியில் வேறு எந்தத் தட்டிலும் இல்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, சண்டை போடவில்லை. அன்று ராத்திரியிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் காய்ச்சலோடு மறுபடி இல்லத்துக்கு வந்தபோது 41 கிலோ. திரும்பத் தேற்றி எடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. இன்னும் இல்லத்தில்தான் இருக்கிறார். வீட்டுக்குப் போகிறீர்களா என்று இப்போது அவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் அவரை யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை என்பதை நான் விசாரித்து அறிந்தேன். ஒரு சொட்டுப் பாலிஷ்தான்.

அண்ணனை அழைத்துவர முடிவு செய்தால், தட்டில் அடையாளம் வைக்காதீர்கள். வைக்காமல் இருக்க மனசு வரவில்லை என்றால், மனசு வரும்வரை அழைத்துவராதீர்கள். அது அவருக்கு நீங்கள் செய்யும் நல்லது.

மாத்திரை விஷயத்தில் வீட்டில் ஒருவராவது துணை வேண்டும். அநேகமாக அவர் சாப்பிடுவது மூன்று மருந்து அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. இல்லத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மணி அடிக்கும், எல்லோரும் தண்ணீர் டம்ளரோடு வரிசையாக உட்காருவார்கள், சிஸ்டர் டப்பாவைத் திறந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார், விழுங்கின பிறகுதான் நகர்வார். வீட்டில் அந்த மணி கிடையாது. அம்மாவை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 73 வயசில் அழுதுகொண்டிருப்பவருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மகன் கையில் மாத்திரையும் தண்ணீரும் கொடுக்கிற பொறுப்பைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை. மாத்திரை டப்பாவைத் துணிக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டாம், ஒளித்து வைத்த மாத்திரை மறந்துபோகும். நெஞ்செரிச்சல் டானிக், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். சேர்ந்துபோனால் மருந்தின் வேலை குறையும். ஒரு மண்டலத்தில் வேரோடு குணமாக்குகிறேன் என்று யாராவது லேகியம் கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மருந்து வாங்க எங்கே போவது என்ற கவலை வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம், அதாவது ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் மையம், இருக்கிறது. மலையில் இருந்தபோதே அவருக்கு மருந்து அங்கிருந்துதான் வந்ததா என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் புதிதாக ஒன்றும் பதிய வேண்டியதில்லை. உடல்நிலை நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்தே கொடுப்பதும் உண்டு. கிளம்பும்போது ஏ.ஆர்.டி. புத்தகத்தையும் டி.பி. மருந்து முடித்த சீட்டையும் மறக்காமல் கையில் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வைரல் லோடு பார்க்க வேண்டும், அதுவும் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை இறக்கம் இருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

மாப்பிள்ளை வீட்டு விஷயம். உங்கள் கடிதத்தில் கை நடுங்கி எழுதிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்ற பயத்தைவிட இது பெரிது, எனக்குப் புரிகிறது. மாமனுக்கு இருக்கும் தொற்றுக்கும் மருமகளின் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் மாப்பிள்ளை வீட்டார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதில் எதுவும் கிடையாது. மேலும் இது உங்கள் ரகசியமே அல்ல, அண்ணனுடையது. 2017-ல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இதைத்தான் சொல்கிறது: ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. அதே சட்டம், கூட்டாக வாழும் வீட்டில் வசிக்கவும் அதன் எந்தப் பகுதியிலிருந்தும் விலக்கப்படாமல் இருக்கவும் அவருக்கு உரிமை தருகிறது. வீடு உங்கள் அப்பா கட்டியதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அண்ணன் விருந்தாளியாக வரவில்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்கு என்ன சொல்வது? "வடக்கே ஓடுகிறார்" என்ற பொய்யை இன்னும் நீட்டாதீர்கள், அதற்குத் தினமும் தீனி போட வேண்டியிருக்கும். "டி.பி. வந்து ரொம்ப முடியாமல் மலையில் தங்கி வைத்தியம் பார்த்தார், இப்போது குணம்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். மகளிடமும்கூட அவர் சம்மதம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்டுச் சொல்லுங்கள் என்பதே என் ஆசை. 22 வயசுப் பெண், செல்போனில் உங்களைவிட அதிகம் படித்திருப்பாள். தாய்மாமன் இல்லாத கல்யாணத்தை விரும்புகிறாளா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். சபையில் மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில், உயிரோடு, 59 கிலோவோடு, முப்பது கிலோமீட்டரில் மலைமேல் ஒருவர் இருக்க, வேறு யாரையாவது நிற்கவைத்துச் சீர் செய்தால் அன்றைக்கு அம்மா என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் ஜெபக் கவலையையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் போகிற இல்லத்தில் சாயங்காலம் ஜெபமாலை சொல்வார்கள். உட்கார விரும்புகிறவர்கள் உட்காருவார்கள். ஒருவர் தலைமாட்டில் கோட்டை மாரியம்மன் படம் ஒட்டியிருக்கிறது. இஸ்லாமியப் பெரியவர் ஒருவருக்கு மேற்குப் பார்த்துத் தொழ வசதியாக அவர் கட்டிலைச் சிஸ்டரே திருப்பிப் போட்டார். அந்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவதில் சாமிக்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது: பக்கத்தில் ஆள் இருப்பது. மூன்று வருஷம் உங்கள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவர் எந்தச் சாமியைக் கும்பிடுவார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு விபூதி பூச மகன் நெற்றி கிடைத்தால் போதும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா எதற்கு அழுகிறார், சிஸ்டர் என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. அண்ணன் சொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை. அவர் என்ன விரும்புகிறார்? வீட்டுக்கு வர ஆசைப்படுகிறாரா, பயப்படுகிறாரா? நான் பார்த்தவர்களில் பலர் முதலில் சொல்வது, "நான் இங்கேயே இருந்துக்கறேன் டாக்டர், அங்க போய் அவங்களுக்கு எதுக்குப் பாரம்" என்பதுதான். அது விருப்பமா வருத்தமா என்று வீட்டு ஆட்கள் நேரில் போய் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். மூன்று வருஷத்தில் எத்தனை தடவை மேலே போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் முடிவை இப்போதே எடுக்க வேண்டாம். முதலில் நீங்களும் அம்மாவும் ஒருநாள் போய்வாருங்கள். காலையிலேயே போங்கள். மதியம் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து, அண்ணன் பக்கத்தில் சாப்பிடுங்கள். சிஸ்டர்களும் அதே சோற்றைத்தான் சாப்பிடுவார்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று அவர்களிடம் அம்மா நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நான்கு நாள் மட்டும் வீட்டுக்குக் கூட்டிவர அனுமதி கேளுங்கள். வீடு திரும்பப் போகிறவரை இப்படி இரண்டு மூன்று தடவை அனுப்பிப் பார்ப்பதைப் பொதுவாகச் சிஸ்டர்களே விரும்புவார்கள். அந்த நான்கு நாளில் உங்கள் வீட்டுக்கு இது ஆகுமா ஆகாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆகாது என்றே தெரிந்தால்? அதற்கும் வழி உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அறை, அம்மா துணைக்கு, சாப்பாடு உங்கள் அடுப்பிலிருந்து. சிஸ்டருக்குத் தருவதாகச் சொன்ன 3,000 ரூபாயை அந்த வாடகைக்கு வைக்கலாம். பகலில் பட்டறைக்கு வந்து வேலை பார்க்கட்டும். அப்படி வாழ்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும், நன்றாகவே இருக்கிறார்கள்.

அம்மாவை அழைத்துப்போகும் அன்று வெறும் வயிற்றில் பஸ் ஏற்றாதீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவு, தலைசுற்றும். அண்ணனுக்குச் சட்டை எடுத்துப்போவதாக இருந்தால், விட்டுவந்த அன்றைக்கு அவர் போட்டிருந்த அளவை நினைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். சிஸ்டருக்குப் போன் செய்து இப்போதைய அளவைக் கேளுங்கள். இரண்டு மூன்று சைஸ் கூடியிருக்கும்.